வளர்வதற்கு விட்ட அங்குலம்

என் வீட்டுக்காரர் ஜெயபாலன், ஜொகூர் மாநிலத்தில் எங்கள் ஊரான பாலோவின் வட்டார மோப்ப நாய்க் கழகச் செயலாளர். பகலில் செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான், மற்றவர்கள் செய்வது தப்பு என்று சொல்வது. ஆலையில் அதற்குச் சம்பளமாவது கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். செம்பனைக் கன்று நட்டால் விடிவதற்குள் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். அதனால் பன்றியை மோப்பம் பிடிக்கிற நாய்களை வளர்ப்பவர்கள் உண்டு. யார் நாய் கெட்டி என்று அவர்களுக்குள் சண்டையும் உண்டு. அந்தச் சண்டையை ஒழுங்காகப் போடுவதற்குத்தான் கழகம். வருடத்துக்கு ஒரு தடவை, பன்றித்தோலைக் கயிற்றில் கட்டி செம்பனை வரிசைகளுக்குள் வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். பிறகு நாய்களை அவிழ்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் பின்னாலேயே நடப்பார்கள். வாசனை போன வழியை விடாமல், குரைத்துச் சொல்லிக்கொண்டே கடைசிவரை போகிற நாய்க்குக் கோப்பை. வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது, மூக்குக்குத்தான்.

ஆனாலும் உயரம் பெரிய தலைவலி. கால் நீண்ட நாய் ஒன்று முன்னால் பாய்ந்துவிட்டால், குட்டை நாய்கள் வாசனையை மறந்துவிட்டு அதன் வாலைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிடும். ஒரு வருடம் அப்படித்தான் ஒரு நெட்டை நாய் அத்தனை நாய்களையும் கூட்டிக்கொண்டு போய், கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்த தோட்டத்துக் கங்காணி மண்டோர் வீட்டு வாசலில் நிறுத்தியது. அன்றைக்கே இவர் விதி எழுதிவிட்டார். தரையிலிருந்து தோள்பட்டை வரை பதினைந்து அங்குலத்துக்குள் இருந்தால் சின்ன நாய்ப் பிரிவு. அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் பெரிய நாய்ப் பிரிவு. பெரியவை சனிக்கிழமை ஓடும், சின்னவை ஞாயிற்றுக்கிழமை.

அளப்பதற்கு முதலில் மரத்தில் ஒரு வளைவு செய்தார். பதினைந்து அங்குல உயரம். நாயை அதற்குள் நடக்கவிட வேண்டும், இடித்தால் வெளியே. தலைக்கு நேரே கட்டை வந்தால் எந்த நாய்தான் குனியாது? அத்தனை நாயும் குனிந்து தேறிவிட்டன, முந்தின நாள் பெரிய நாய்ப் பிரிவில் ஓடிய நாய் உட்பட. பெரிய ரகளையாகிவிட்டது. அதனால்தான் இந்த வருடம் வளைவு வேண்டாம், டேப்பு போதும், ஆனால் பொதுவான ஆள் அளக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது.

அந்தப் பொதுவான ஆளாக இவர் பிடித்துவந்தது தையல்கார மணியம் அண்ணனை. பாலோவில் பாதிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகிற பள்ளிச் சீருடை அவர் தைத்ததுதான். அவரிடம் நாய் கிடையாது. நாய் வைத்திருக்கும் சொந்தக்காரரும் கிடையாது. நாயைக் கண்டாலே ஐந்தடி தள்ளி நிற்பார்.

“இவரை விட நடுநிலையான ஆளு ஜொகூர்லயே கிடையாது” என்றார் இவர்.

எனக்கு நாய் முக்கியமில்லை. போட்டிக்கு அடுத்த ஞாயிறு என் மகள் சாந்தினிக்குப் பரிசம். அதுதான் என் கவலை. மாப்பிள்ளை தீபன், ஜொகூர் பாருவில் அவளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன். அவனைப் பிடித்திருக்கிறது என்று சாந்தினி என்னிடம் சமையலறையில் சொன்னாள், நான் இவரிடம் ஹாலில் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாச் சேதியும் அப்படித்தான் போகும். ஆலையில் ஆட்களை அதட்டிப் பழகியவர் அப்பா. அவருக்கு முன்னால் அந்தப் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துத்தான் நிற்பாள்.

மாப்பிள்ளை யார், என்ன குடும்பம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் கேட்ட ஒரே கேள்வி, “சாஆ ராஜசேகரன் மகனா? கோப்பின்னு ஒரு நாய் வச்சிருப்பாரே, அவரா?” என்பதுதான். ஆமாம், பக்கத்து ஊரான சாஆவில் இருக்கிற அவர்தான். ஆறடி உயரம், பூப்போலப் பேச்சு. கோபம் வந்தால் கத்தமாட்டார், வராமல் இருந்துவிடுவார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பரிசம் ஆவதற்கு முன்னாலேயே இவரைச் “சம்பந்தி” என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்தமாதிரி இருக்கும்.

அவர் தன் கோப்பியைச் சின்ன நாய்ப் பிரிவில் பதிந்திருந்தார். எங்கள் நாய் ரொட்டியும் அதே பிரிவுதான். பாதி பீகிள், மீதி பாலோ மார்க்கெட்.

சனிக்கிழமையே இவரிடம் சொன்னேன். “நாளைக்கு வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. அவரு நாயி நல்லபடியா ஓடிட்டுப் போகட்டும்.”

“விதிப்படி இருந்தா ஓடும்.”

“விதிப்படி இல்லன்னா?”

“ஓடாது.”

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் குப்பை கொட்டுவது யாருக்குத் தெரிகிறது?

மறுநாள் காலை, தோட்டத்து முகப்பில் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன் கழுத்தில் டேப்போடு, கைக்கு உறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சொந்தக்காரர் நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், மணியம் அண்ணன் பின்பக்கமாக வந்து தோளிலிருந்து தரைவரை டேப்பை விட்டு, அளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார். நைட்டிக்கு அளவெடுப்பதும் அதே மாதிரிதான், ஓடுவதுதான் கிடையாது. இவர் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார்.

முதலில் கோப்பி. ராஜசேகரன் குனிந்து பிடித்துக்கொண்டார். மணியம் அண்ணன் டேப்பை விட்டார். ராஜசேகரனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார்.

“பதினாறரை” என்றார்.

என் கையிலிருந்த பொட்டலம் நழுவியது.

“வீட்ல பதினாலரைதான் வந்துச்சு சம்பந்தி” என்றார் ராஜசேகரன். குரலை உயர்த்தவே இல்லை. “மூணு தடவ அளந்தேன்.”

நான் கூடாரத்துக்குள்ளிருந்து கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கரண்டியால் தட்டைக்கூடத் தட்டினேன். இவர் திரும்பினால்தானே.

“டேப்பு சொல்றதுதான் அளவு” என்றார். “பதினஞ்சுக்கு மேல போனா இதுல ஓட முடியாது. பெரிய பிரிவு நேத்தே முடிஞ்சிருச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

ராஜசேகரன் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு கோப்பியின் கழுத்தில் கயிற்றை மாட்டினார். “சரிங்க செயலாளர்” என்றார்.

செயலாளர். சம்பந்தி போய்விட்டது. அங்கே நின்ற நாய்க்காரர்களுக்கு அது வெறும் மரியாதை. எனக்கு மட்டும் அது அடுத்த ஞாயிறு அவர் வராமல் இருந்துவிடுவதற்கான முன்னறிவிப்பு. பரிசத்துக்குச் சொல்லியிருந்த சமையல்காரர், மண்டபத்துப் பூக்காரி, பத்து பகாட் டவுனில் எடுத்த பட்டு, எல்லாம் கண்முன்னால் வந்து போயின. அதே நேரத்தில் கைப்பேசியில் சாந்தினியின் செய்தி வந்தது. “அம்மா, அப்பா ஒழுங்கா இருக்காரா?” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்தது எங்கள் ரொட்டி. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இதுக்கு அளக்கவே வேணாம், பதினாலே முக்கால், சும்மா சம்பிரதாயத்துக்கு அளங்க” என்றார். நாயைப் பிடித்துக்கொள்ள மகேஸ்வரன் வந்தார். கழகத் தலைவர், ஒரு காலத்தில் மாநிலத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். மணியம் அண்ணன் அளந்தார். பிறகு பலகை பக்கம் திரும்பி இவரைப் பார்த்தார்.

“பதினாறே கால்.”

“அலமாக்” என்று அலறினார் இவர். “என்னண்ணே சொல்றீங்க? அது வளர்ந்து முடிச்சு வருஷக்கணக்காச்சு.”

“டேப்பு சொல்றதுதானே அளவு” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் இல்லை. நானாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதே கதைதான். பதினாறு, பதினைந்தரை, பதினேழு. கடைசியாக மகேஸ்வரனின் பட்டன். அந்த நாய் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த நாய். அதை அளந்து, மகேஸ்வரனை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பதினஞ்சே கால்” என்றார் மணியம் அண்ணன்.

சின்ன நாய்ப் பிரிவில் ஒரு நாய்கூட மிஞ்சவில்லை. ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். டேப்பு பழசு, இழுபட்டுப் போச்சு என்றார் ஒருவர். இழுபட்டிருந்தால் அளவு குறையும், அதிகமாகாது என்றார் இவர், அந்த நிலையிலும் திருத்தாமல் இருக்க முடியாமல்.

எனக்குச் சாந்தினி ஒன்றாம் வகுப்புக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. மணியம் அண்ணன் தைத்த பினாஃபோர் அவளுக்குக் கணுக்கால்வரை தொங்கியது. ஒவ்வொரு வருடமும் அதையேதான் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் வகுப்பில்தான் அது முழங்காலுக்கு வந்தது. அப்படித் தைக்கச் சொல்லி அவரிடம் நின்று நச்சரித்தது நான்தான். பாலோவில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் அதையேதான் செய்திருப்பாள்.

கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். “அண்ணே, வளர்றதுக்குன்னு சேத்துச் சொன்னீங்களா?”

மணியம் அண்ணன் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பின்ன, விடாமலா தங்கச்சி? உள்ள அளவ அப்படியே சொன்னா அடுத்த வருஷம் கடைக்கு வந்து என்னைத்தானே ஏசுவாங்க.”

கூட்டம் அடங்கிவிட்டது. “எவ்வளவு விட்டீங்க?” என்றார் மகேஸ்வரன்.

“அது ஆளுக்கு ஆள் மாறும்லா. அப்பா உயரத்தப் பாத்துத்தான் விடுவேன்.” ராஜசேகரனைக் காட்டினார். “இவரு நல்ல உயரம். ரெண்டு இஞ்சு விட்டேன். உங்களுக்கு ரெண்டரை. ஜெயபாலனுக்கு,” என்று கொஞ்சம் தயங்கினார், “ஒரு இஞ்சு. அவங்க குடும்பத்துல அவ்வளவா வளர மாட்டாங்க.”

என் வீட்டுக்காரர் ஐந்தடி மூன்று. நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு முந்தானை இல்லாததால் சிரித்தே விட்டார்கள்.

“அண்ணே,” என்றேன், வேறொரு பயம் பிடித்துக்கொள்ள, “சாந்தினி பரிசத்துக்குத் தைக்கக் குடுத்த பட்டுப் பாவாடை?”

“அதுக்கும் ஒரு இஞ்சுதான்.”

“அவளுக்கு இருபத்தாறு வயசுண்ணே.”

“கை பழகிப்போச்சு தங்கச்சி” என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

கழித்துப் பார்த்தால் கோப்பி பதினாலரை. ராஜசேகரன் சொன்ன அதே அளவு. அவர் கோப்பியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது. ஆனால் பதினாறே காலில் ஒன்று போனால் ரொட்டி பதினைந்தே கால். இவருக்கும் அந்தக் கணக்கு வந்துவிட்டது.

“இருக்காது. திரும்ப அளங்க. ஒண்ணும் விடாம அளங்க.”

மணியம் அண்ணன் திரும்ப அளந்தார். பதினைந்தே கால். இவர் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு தானே போனார். பக்கத்தில் போனதும் ரொட்டி வாலை இடுக்கியது, முதுகைத் தாழ்த்தியது, கால் லேசாக மடிந்தது. பதினாலே முக்கால். “பாத்தீங்களா” என்றார். மணியம் அண்ணன் நடுங்கிக்கொண்டே மறுபடி போனார். ரொட்டிக்கு அவரைப் பிடித்துவிட்டதோ என்னவோ, நிமிர்ந்து நின்று வாலை ஆட்டியது. பதினைந்தே கால். இவர் போனார், பதினாலே முக்கால். அவர் போனார், பதினைந்தே கால்.

மூன்றாவது சுற்றில் அங்கே இருந்த எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இவருக்கு மட்டும்தான் விளங்கவில்லை, டேப்பையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் சொன்னேன். “உங்களப் பாத்தா அது குனியுதுங்க.”

இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அடுத்து வருவது கத்தல்தான். அதற்குள் ராஜசேகரன் முன்னால் வந்தார்.

“அதனால என்னங்க செயலாளர். நீங்க அளந்த அளவையே எழுதிருங்க. வளைவுல குனிஞ்ச நாயெல்லாம் போன வருஷம் ஓடலையா? ரொட்டியும் ஓடட்டும். எங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

நல்லெண்ணத்தில் சொன்னாரா, ஆழம் பார்த்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் “செயலாளர்” இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் நாயை விதி பேசித் தள்ளிவிட்டு, தன் நாயைச் சலுகையில் ஓடவிட்ட மனுஷன் வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்? இருபத்தெட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த அந்த விதிப் பைத்தியம் அன்றைக்கு மட்டும் அவரை விட்டுப் போய்விடக்கூடாதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

இவர் ரொட்டியைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் போனார். கோப்பிக்கு நேரே இருந்ததைத் துடைத்துவிட்டுப் பதினாலரை என்று எழுதினார். ரொட்டிக்கு நேரே பதினைந்தே கால் என்று எழுதி, அதற்கு மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். கோடு கோணலாகப் போயிற்று. அவர் எழுத்தில் நான் கோணல் பார்த்ததே இல்லை.

“விதின்னா விதிதான்” என்றார். ரொட்டியை அவர் குட்டியிலிருந்து பாலூட்டி வளர்த்தார் என்பது அங்கே பலருக்குத் தெரியும்.

மற்ற நாய்களையும் ஒன்றும் விடாமல் திரும்ப அளந்தார்கள். இரண்டைத் தவிர எல்லாம் தேறின. நாய்களை வரிசையாக நிறுத்தும்போது ராஜசேகரன் தன் கயிற்றைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்.

“எனக்கு முட்டி வலி, பனைக்குள்ள நடக்க முடியாது. நீங்க கோப்பியோட போறீங்களா, சம்பந்தி?”

நான் கூடாரத்துக்குள் போய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சாந்தினிக்குப் பதில் எழுதினேன். “இருக்காரு.”

கோப்பி மூன்றாவதாக வந்தது. இவர் பிடித்த உடனே அதுவும் கொஞ்சம் குனிந்துகொண்டது, குனிந்தபடியே ஓடியதால் மூக்கு தரையிலேயே இருந்தது, அதனால்தான் மூன்றாமிடம் என்று மகேஸ்வரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பையை வாங்கியது அவருடைய பட்டன்.

வீட்டுக்குத் திரும்பும்போது இவர் காரின் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். பின்சீட்டில் ரொட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

“நான் அத அடிச்சதே இல்ல கிருஷ்ணம்மா” என்றார்.

“அடிச்சதில்லதான்.”

“அப்புறம் ஏன் குனியுது?”

“சத்தம் போடுவீங்கள்ல. நானும் சாந்தினியும்கூட உங்க முன்னால ஆளுக்கு அரை இஞ்சு கம்மிதான். எங்கள நீங்க அளந்து பாத்ததில்ல, அதான் தெரியல.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் ஆலையிலிருந்து வந்ததும் கேட் பக்கத்தில் கையை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “ரொட்டி, வாடா” என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி முதலில் என்னிடம் வந்து அனுமதி கேட்பதுபோலப் பார்க்கும், பிறகு போகும்.

பரிசத்தன்று ராஜசேகரன் வீட்டார் தட்டுகளோடு வந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சாந்தினிக்குப் பாவாடை ஒரு அங்குலம் நீளமாகத் தரையில் புரண்டது. சமையல், பூ, விருந்தாளிகள் என்ற அமளியில் அதை மடித்துத் தைக்க எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. ஊசி தேடுவதற்குள் பெண்ணை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள். தடுக்கி விழாமல் வந்தால் போதும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வழக்கம்போல அப்பாவைக் கண்டதும் அவள் தோள் குறுகியது. கையிலிருந்த தாம்பூலத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. இவர் வாயைத் திறந்தார். தட்டை ரெண்டு கையால பிடி, நேரா நட, முதலில் யாரைக் கும்பிடணும்னு தெரியாதா, எல்லாம் வரிசையாக வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், இவர் இரண்டு கையையும் மடியில் வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா” என்றார். ரொட்டியைக் கூப்பிடுகிற அதே குரல்.

சாந்தினி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மெதுவாக முதுகை நிமிர்த்தினாள். நான் கீழே பார்த்தேன். பாவாடையின் ஓரம் தரையை விட்டு எழும்பிச் சரியாக அவள் கால்விரலைத் தொட்டு நின்றது. மணியம் அண்ணன் வளர்வதற்கென்று விட்ட அந்த ஒரு அங்குலம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.